சம்பந்தி வீட்டுச் சுவரும் சின்ன ஆம்ப்ளிஃபையரும்

கித்தார் வாங்க வருகிறவர் தனியாக வருவார், ஆம்ப்ளிஃபையர் வாங்க வருகிறவர் வீட்டுச் சண்டையையும் கூட்டிக்கொண்டு வருவார். எங்கள் தொழிலில் முதல் மாதமே படித்துவிடுகிற பாடம் இது.

மலேசியாவில், சிரம்பானில் லோபாக் பக்கம் ஓர் இசைக்கருவிக் கடையில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்கிறேன். கடையில் ஒரே நாற்காலி, அது டவுக்கேவுடையது. டவுக்கே எங்கள் முதலாளி, சீனர், நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த நாற்காலி விஷயத்தில் மட்டும் இரக்கமே கிடையாது. துணிக்கடை, மருந்துக்கடை, கைப்பேசிக் கடை என்று எங்கெங்கோ நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட என் இனத்து மக்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களும் படிக்கலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

எனக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. மூன்று கார்டு, அதாவது மூன்றே மூன்று விரல் பிடி, தெரியும். அந்த மூன்றையே மாற்றி மாற்றித் தட்டித்தான் இத்தனை வருஷமாக வியாபாரம் ஓடுகிறது. எங்கள் ஊரில் ஆம்ப்ளிஃபையர் என்று யாரும் வாய் வலிக்கச் சொல்வதில்லை, பெட்டி என்பார்கள். வீட்டில் பழக எந்தப் பெட்டி நல்லது என்று கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். சின்னது. அஞ்சு வாட் போதும், பத்து வாட் தாராளம். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டுவார்கள், பிறகு பெரிய பெட்டிப் பக்கம் போய் நிற்பார்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள்

குணா அண்ணன் முதல் தடவை நாலு பேரோடு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். செம்பனை ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டர். ஆலைச் சங்கிலியில் இடது கை மோதிர விரல் மாட்டி, ஆபரேஷன் செய்து, விரல் பிழைத்துவிட்டது, வளையத்தான் மாட்டேன் என்கிறது. விரலுக்கு வேலை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருக்கிறார்கள். அதை அமுக்கி அமுக்கி வெறுத்துப்போய், இளவட்டத்தில் வாசித்த கித்தாரை மறுபடி பிடிக்கலாம் என்று கிளம்பிவிட்டார். சாதாரணக் கித்தார்க் கம்பி விரலை அறுக்கும். எலக்ட்ரிக் கித்தாரில் கம்பி மெலிசு, லேசாக அழுத்தினால் போதும். அதை மருமகன் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் பெட்டியில் மாட்டாவிட்டால் அது கொசு மாதிரிதான் கேட்கும். விரல் வளைந்தால் பழைய பிட்டர் வேலை கிடைக்கும். வளையாவிட்டால் ஆலை கேட்டில் லாரி நம்பரைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெறும் வரைக்கும் உட்கார வேண்டியதுதான். "அந்த நாற்காலில என்னால உக்கார முடியாது தங்கச்சி" என்றார். ஒரு நாற்காலிக்கு ஏங்கிக் கிடக்கிற என்னிடம் வந்து சொன்னார் பாருங்கள்.

கூட வந்தவர்கள் அவருடைய பழைய எஸ்டேட் தோட்டத்துக் கோயில் கமிட்டி. தோட்டம் கைமாறிப் போய், எல்லாரும் இப்போது பாரோய்ப் பக்கம் வரிசை வீடுகளில் இருக்கிறார்கள். தோட்டம் போனாலும் சாமான் வாங்கும் முறை போகவில்லை. இதுவரை அவர்கள் சேர்ந்து வாங்கிய ஒலிப்பெட்டி எல்லாம் திருவிழாவுக்கு வாங்கியது. ஆகவே கோயில் தலைவர் ஓர் ஆளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மீ கோரெங் என்கிற நூடுல்ஸ் வறுக்கிற கடையோரம் நிறுத்தினார். சத்தம் காதில் விழுந்தால் கையைத் தூக்க வேண்டும். அஞ்சு வாட் பெட்டிக்கு அந்த ஆள் சும்மா நின்றார். பதினைந்துக்கு அரைக்கை தூக்கினார். நாற்பது வாட் பெட்டியைத் திருகியதும் இரண்டு கையையும் தூக்கினார். மீ கோரெங் போட்டுக்கொண்டிருந்தவரும் கரண்டியோடு கையைத் தூக்கினார், அது வேறு அர்த்தம்.

"அண்ணே, படுக்குற ரூம்புல வாசிக்கத்தானே? இது வேணாம், சுவரு தாங்காது" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். குணா அண்ணன் என்னையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலைவர்தான் முடித்து வைத்தார். "நீ சும்மா இரும்மா. வீட்டுக்குள்ளயே கேட்டு வீட்டுக்குள்ளயே நின்னுட்டா, சாமான் வாங்குனோம்னு யாருக்குலா தெரியும்?"

சனிக்கிழமை சார்

எல்லாரும் இப்படிக் கூட்டமாக வருவதில்லை. ஒரு சார் சனிக்கிழமை சனிக்கிழமை தனியாக வருவார். ஏதோ அலுவலகத்தில் நல்ல வேலை, சட்டை மடிப்புக் கலையாமல் இருக்கும். போனில் பார்க்காத வீடியோ பாக்கியில்லை. என்னிடம் வந்து, கண்ணாடிக் குழாய் வைத்த பழைய காலத்து வால்வு பெட்டி பற்றிப் பாடம் எடுப்பார். வால்வு பெட்டி சூடாகி, சத்தம் ஏறினால்தான் அதன் குரல் பிரமாதமாக வரும். அவர் குடியிருப்பதோ பத்தாவது மாடி அடுக்கு வீடு. அங்கே அதைத் திருகினால் காவலாளி மேலே வருவார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை ஆறு பெட்டியை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லி, ஒவ்வொன்றிலும் அதே ஒரு வரியை வாசித்துவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பினார். எனக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. "சார், எதத்தான் எடுக்கப் போறீங்க?" என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டுவிட்டேன். மனுஷன் கோபப்படவே இல்லை. "நான் வாங்க வரலம்மா. வாங்கினா எப்படி இருக்கும்னு பாத்துட்டுப் போக வர்றேன்."

சந்தனம் வைத்த பெட்டி

கொஞ்ச நாளில் குணா அண்ணன் அந்த நாற்பது வாட் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். இறக்கிப் பார்த்தேன், ஐயோ! பெட்டிக்கு மாலை போட்ட அடையாளம். எல்லாப் பட்டனிலும் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். புது லாரி, புது கிரைண்டர், எது வந்தாலும் பூஜை போடுவது நம் வழக்கம், தப்பு சொல்லவில்லை. தலைவர் பக்தியாகக் கொஞ்சம் தாராளமாக வைத்திருக்கிறார். சந்தனம் பட்டனுக்கும் பெட்டிக்கும் இடையில் இறங்கிக் காய்ந்து கல்லாகிவிட்டது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பட்டன் அசையவே இல்லை. பூஜை அன்று ஊருக்கே கேட்கட்டும் என்று திருகி வைத்த அளவிலேயே நின்றுவிட்டது. இவரும் சாமிக்கு வைத்ததைச் சுரண்டக் கூடாது என்று அதே சத்தத்தில் தினமும் சாயங்காலம் வாசித்திருக்கிறார்.

வாசித்தது யார் வீட்டுச் சுவரோரம் என்றால், சம்பந்தி வீட்டுச் சுவரோரம். குணா அண்ணனின் மகள் கவிதாவைப் பக்கத்து வீட்டிலேயே கொடுத்திருக்கிறார்கள். நடுவில் ஒரே சுவர். கவிதாவுக்குச் சாயங்கால சிப்டு, மருமகன் கோலாலம்பூரிலிருந்து ரயில் ஏறி வருவதற்குள் இருட்டிவிடும். குணா அண்ணன் சம்சாரம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வடை போடப் போய்விடுவார். ஆகவே அந்த நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் சம்பந்தி ராஜம்மாவும் கைக்குழந்தையான பேரனும்தான். இவர் வாசிக்க, அந்தம்மா சுவரில் டக் டக் என்று தட்ட, இவர் கித்தாரைக் கீழே வைத்துவிடுவார். ஏன் தட்டினீர்கள் என்று போய்க் கேட்க முடியுமா? பெண்ணைக் கொடுத்த இடம். கவிதாவிடம் சொல்லிக் கேட்கச் சொன்னால், அவளுக்கும் மாமியாருக்கும் நடுவில் நாமே தீ வைத்தது மாதிரி ஆகிவிடும். "அதுவும் பாரு, விரல் வராத இடத்துல சரியா தட்டுறாங்க தங்கச்சி. அந்த எடத்துல நான் தடுமாறுறது அவங்களுக்குக் கேலியா இருக்கு" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

சின்னதாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். எங்கள் கடையில் விற்ற சாமான் திரும்ப எடுப்பதில்லை. டவுக்கே மறுக்கத்தான் எழுந்து வந்தார். பொட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். துடைத்துத் தருகிறேன் என்று நான் துணியை எடுத்தேன், என் கையைப் பிடித்துவிட்டார். உங்கள் சாமி அதில் உட்கார்ந்தாகிவிட்டது, என் கடையில் வைத்துத் துடைக்காதே என்று மலாய் மொழியில் படபடவென்று சொல்லி, மறு பேச்சில்லாமல் பத்து வாட் பெட்டி ஒன்றை மாற்றிக் கொடுத்தார். பழையதை மூலையில் வைத்து ஊதுபத்தியும் கொளுத்திவிட்டார். சின்னப் பெட்டியைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்த குணா அண்ணன் சொன்னார்: "தட்டுறதுகூடப் பரவால்ல தங்கச்சி. தாளம் தப்பித் தட்டுறாங்க பாரு, அதுதான் தாங்க முடியல."

கூட்டறது அவர், குறைக்கிறது நான்

இதற்கு நடுவில் ஓர் அம்மா. பள்ளிக்கூட ஆசிரியை. புருஷன் பிறந்த நாளுக்குப் பெட்டி வாங்க வந்தார். எத்தனை வாட், எந்தக் கம்பெனி, என்ன நிறம், ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்னால் குனிந்து பார்த்தார். பிளக் வயரைப் பிடித்து நீளம் பார்த்தார்.

நான் என் மூன்று கார்டையும் தட்டிக் காட்டி, இது ரொம்ப இனிமையான பெட்டி டீச்சர் என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இனிமையெல்லாம் அவர் பாத்துக்குவாரு. இதுக்கு ரிமோட்டு இருக்கா சொல்லு. கூட்டறது அவர்கிட்ட இருக்கட்டும், குறைக்கிறது எங்கிட்ட இருக்கணும்."

காதுக்குள் மட்டும்

குணா அண்ணன் திரும்ப வந்தார். பத்து வாட்டிலும் தட்டல் நிற்கவில்லையாம். பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பிளக் அங்கேதான் இருக்கிறது என்று தரையில், சம்பந்தி வீட்டுச் சுவரை ஒட்டி வைத்திருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். அடி முழக்கம் தரை வழியாகவும் சுவர் வழியாகவும்தான் பக்கத்து வீட்டுக்குப் போகும். நாற்காலியில் வையுங்கள், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், அடிச்சத்தப் பட்டனைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வயர் இழுத்து அடுக்களைப் பக்கம் கொண்டுபோய் நாற்காலியில் வைத்தார். சத்தம் குறைந்தது. தட்டல் முன்னைவிடப் பலமாகிவிட்டது. எனக்கே புரியவில்லை. இந்தம்மாவுக்கு என்ன காதா, வேறு ஏதாவதா என்று எரிச்சலாக வந்தது.

கடைசி வழி ஹெட்போன். பெட்டியின் முன்பக்கம் அதற்கென்று ஓர் ஓட்டை உண்டு. அதில் சொருகிக் காதில் மாட்டிக்கொண்டால் பெட்டி ஊமை, வாசிக்கிறவருக்கு மட்டும் கேட்கும். பெட்டியோடு மறுபடி வந்தவருக்குக் கடையிலேயே மாட்டிவிட்டேன். வாசித்துப் பார்த்துவிட்டுக் கண்ணெல்லாம் மலர்ந்தார். நானும் பெரிய காரியம் சாதித்த மாதிரி டவுக்கேவைப் பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பி வாங்க வந்தார். தட்டல் நின்றுவிட்டதா என்றேன். நின்றுவிட்டது. பிறகென்ன அண்ணே, சிரியுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் காலையில் ராஜம்மா வேலிக்கு மேலாகப் பேரனைத் தூக்கி இவர் கையில் கொடுப்பாராம். இப்போது குழந்தையை வெளியிலேயே கொண்டுவருவதில்லை. பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கவிதா இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து இளைத்துப்போய்விட்டாள். கித்தாரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேட்டில் போய் உட்காரப் போகிறேன் என்றார். சட்டைப்பையில் அந்த ரப்பர் பந்து புடைத்துக்கொண்டிருந்தது. போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "சத்தம் போட்டப்பவாவது தட்டுனாங்க தங்கச்சி. இப்ப அதுவும் இல்ல."

இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா

ஒரு மத்தியானம் ஓர் அம்மா இடுப்பில் குழந்தையோடு விறுவிறுவென்று வந்தார். குழந்தை கடையே இடிந்து விழுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. "எங்க சம்பந்தி குணாவுக்குப் பொட்டி வித்தது நீதானா?" என்றார். ராஜம்மா! டவுக்கே எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். இந்த மாதிரி நேரத்தில் மட்டும் நாற்காலி காலியாகும்.

"என்னா மாட்டி விட்ட அவருக்கு? ஒரு சத்தமும் காணோம்" என்றார். உங்களுக்குத் தொந்தரவு என்றுதான் காதில் மாட்டிக் கொடுத்தேன், நீங்கள்தானே தட்டினீர்கள் என்றேன். "ஆமா தட்டுனேன். பின்ன? அவரு வாசிச்சாத்தான் இவன் கண்ண மூடுவான். நல்லாத்தான் போவும், பாதிப் பாட்டுல அவரு நிறுத்திப்புடுவாரு, இவன் திடுக்குனு முழிச்சி அழுவான். முடிங்க, பாட்ட முடிங்கன்னு தட்டுனேன். தட்டத் தட்ட சத்தம் தூரத் தூரப் போவுது. இப்ப ஒன்னுமே இல்ல. தம் பேரனுக்கு வாசிக்கக்கூட மனசில்லையான்னு எனக்கும் ரோசம் இருக்குமா இருக்காதா? பொண்ணு குடுத்தவரு வீட்டுக்குப் போயி, வாங்க, வந்து வாசிங்கன்னு நான் கூப்புட முடியுமா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, விஷயத்தைச் சொன்னேன். அம்மா, அவர் வேண்டுமென்று நிறுத்தவில்லை, அந்த இடத்தில் மோதிர விரல் மடங்க வேண்டும், மடங்க மாட்டேன் என்கிறது, அதற்காகத்தான் வாசிக்கவே ஆரம்பித்தார். ராஜம்மாவின் கோபம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். விரல் ஆறிவிட்டது என்று மட்டும்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் மூலையில் இருந்த சந்தனப் பெட்டியில் கித்தாரை மாட்டி, என் மூன்று கார்டையும் தட்டினேன். பட்டன் திருக முடியாததால் கடை முழுக்க அதிர்ந்தது. குழந்தை கத்துவதை நிறுத்திவிட்டு, பாட்டியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. ராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விற்பனைக்காரியான எனக்கு உத்தரவு போட்டார்: "காதுல மாட்டற அந்த ஓட்டைய அவர அடச்சி விடச் சொல்லு. விரலு மெதுவாவே வரட்டும், எங்கயும் ஓடிடாது. அவரு நிறுத்துனா நான் தட்டுவேன், தட்டுனா திரும்ப ஆரம்பிக்கணும்னு சொல்லு."

மறுபடியும் சுவரோரம்

அன்றைக்கே குணா அண்ணனுக்குப் போன் போட்டேன். ராஜம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். நான் இத்தனை நாள் சொன்ன புத்திமதியை எல்லாம் நானே திருப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஹெட்போனைக் கழற்றுங்கள், நாற்காலியை விட்டு இறக்குங்கள், தரையில் வையுங்கள், சுவரோடு ஒட்டி வையுங்கள். பெட்டி விற்கிற யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சில மாதம் ஆள் வரவில்லை. ஒரு நாள் வேலை விட்டு நேரே வந்து நின்றார். ஆலைச் சட்டை, முழங்கை வரைக்கும் கிரீஸ் கறை. கேட்டில் உட்காருகிறவர் சட்டையில் கிரீஸ் படாது. அவரே இடது கையை நீட்டி மோதிர விரலை மடக்கிக் காட்டினார். முழுசாக இல்லை, முக்கால்வாசி. ஸ்பேனர் பிடிக்க அது போதுமாம். பாட்டு முடிவு வரை வந்துவிட்டதா என்றேன். வந்துவிட்டது, பேரனும் தூங்கிவிடுகிறான் என்றார். அப்படியானால் சம்பந்தி அம்மா தட்டுவதை விட்டாரா என்று கேட்டேன். சிரித்தாரே பார்க்கலாம், முதல் தடவையாக. "எங்க விட்டாங்க? பாட்டு முடிஞ்சதும் தட்டுறாங்க தங்கச்சி. பேரன் தூங்கிட்டான், இப்ப தனக்கு ஒன்னு வாசிக்கணுமாம்."

ஆகையால் வீட்டில் பழக எத்தனை வாட் பெட்டி வாங்கலாம் என்று இப்போது யார் வந்து கேட்டாலும், சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், அவர்களோடு பேச்சுவார்த்தை உண்டா என்று விசாரித்த பிறகுதான் நான் வாட் கணக்குக்கே போகிறேன்.